நாணய வணிகத்தில் இறங்கும் முன்: புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அந்நியச் செலாவணி வணிகம், அதாவது ஃபாரெக்ஸ், நான் பல வருடமாகச் செய்துவருவது. இது தெரிந்தவர்கள் அவ்வப்போது என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். பத்துப் பேர் கேட்டால் அதில் எட்டுப் பேர் கேட்பது ஒரே விஷயமாக இருக்கும். அதனால் அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் போட்டுவைத்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்ன கணக்குகள் தேவைப்படும்.

ஃபாரெக்ஸ்ல நாம உண்மையில எதை வாங்குறோம், எதை விக்கிறோம்?

ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டுப் பணத்தை வாங்குகிறோம். அதனால் விலை எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும்: யூரோ/டாலர், பவுண்டு/டாலர், டாலர்/யென். யூரோ ஏறும் என்று நினைத்து யூரோ/டாலர் வாங்கினால், அதே நொடியில் டாலரை விற்றிருக்கிறீர்கள். பங்குச் சந்தைக்கு இருப்பது போல இதற்கு ஒரு மைய இடமோ ஒரே விலையோ கிடையாது. உலகம் முழுக்க வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் தங்களுக்குள் நடத்தும் வணிகம் இது. சர்வதேசத் தீர்வுகளுக்கான வங்கி 3 வருடத்துக்கு ஒருமுறை இதைக் கணக்கெடுக்கும். 2022 ஏப்ரலில் ஒரு நாளைக்குச் சராசரியாக 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. அதில் 88 சதவீத வணிகத்தில் ஒரு பக்கம் அமெரிக்க டாலர்.

நம்மைப் போன்ற சிறு ஆட்கள் அந்தச் சந்தைக்குள் நேராக நுழைவதில்லை. ஒரு புரோக்கர் காட்டும் விலையில் வாங்கி விற்கிறோம். பல இடங்களில் அது விலை வித்தியாசத்தை மட்டும் பணமாகத் தீர்த்துக்கொள்ளும் சிஎஃப்டி ஒப்பந்தம். யூரோ நோட்டு யார் கைக்கும் வராது. சில புரோக்கர்கள் உங்கள் ஆர்டரை வெளியே அனுப்பிவிடுவார்கள். சிலர் தாங்களே எதிர்ப்பக்கம் நிற்பார்கள். அப்போது உங்கள் நஷ்டம் அவர்களுக்கு வரவு. இரண்டும் பல நாடுகளில் சட்டப்படி நடப்பதுதான். கணக்குத் திறக்கும் முன் உங்கள் புரோக்கர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1.1000-னு போட்டிருக்கு, பிப்னு சொல்றாங்க, லாட்னு சொல்றாங்க. ஒண்ணும் புரியல.

யூரோ/டாலர் 1.1000 என்றால் 1 யூரோவின் விலை 1.10 டாலர். புள்ளிக்குப் பின் 4-வது இடத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அது ஒரு பிப். யென் ஜோடிகளில் 2-வது இடம்: 150.00 என்பது 150.01 ஆனால் ஒரு பிப். திரையில் அதற்கும் பின்னால் சின்னதாக இன்னொரு எண் இருக்கும். அது பிப்பில் பத்தில் ஒரு பங்கு. புதிதாக வருகிறவர்கள் அதைப் பிப் என்று எண்ணிக் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லாட் என்பது அளவு. ஒரு முழு லாட் 1,00,000 யூனிட், மினி லாட் 10,000, மைக்ரோ லாட் 1,000. யூரோ/டாலரில் ஒரு பிப் நகர்ந்தால் முழு லாட்டில் 10 டாலர், மினியில் 1 டாலர், மைக்ரோவில் 10 சென்ட். ஆர்டர் போடும் கட்டத்தில் இவை 1.00, 0.10, 0.01 என்று வரும். சில செயலிகளில் அந்தக் கட்டத்தில் 1.00 என்று முன்கூட்டியே நிரப்பியிருக்கும். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் 'வாங்கு' என்று அழுத்தினால், நினைத்ததைப் போல 100 மடங்கு வாங்கியிருப்பீர்கள்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் எப்போதும் சின்ன இடைவெளி இருக்கும். அதுதான் ஸ்பிரெட். எந்த டிரேடும் அந்த அளவு நஷ்டத்தில்தான் தொடங்கும்.

அண்ணா, நேராவே கேக்குறேன், இது சூதாட்டம்தானே?

சூதாட்டமாக ஆடுகிறவர்கள் ஏராளம். ஐரோப்பியச் சந்தைகளைக் கண்காணிக்கும் எஸ்மா அமைப்பு 2018 இல் வெளியிட்ட கணக்கில், சிஎஃப்டி வணிகம் செய்யும் தனிநபர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை பணத்தை இழக்கின்றன என்று இருந்தது. அப்போதிருந்து, அங்கே உள்ள புரோக்கர்கள் தங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை சதவீதம் பேர் இழக்கிறார்கள் என்பதைத் தங்கள் விளம்பரத்திலேயே போட வேண்டும். கணக்குத் திறக்கும் முன் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள் என்றால், விலை ஏறுமா இறங்குமா என்று கணிக்கத் தெரியாததால் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது இரண்டாவது காரணம். முதல் காரணம், தங்கள் பணத்துக்குத் தாங்காத அளவில் போடுவது. பாதி முறை சரியாகக் கணித்தவர்கள்கூட ஒரே ஒரு பெரிய டிரேடில் எல்லாவற்றையும் இழந்து போயிருக்கிறார்கள். கீழே வரும் பதில்களில் நான் இதையே சுற்றிச் சுற்றி வருவேன், ஏனென்றால் நம் கையில் முழுதாக இருப்பது இந்த ஒன்றுதான்.

இது சட்டப்படி சரிதானா?

நாட்டுக்கு நாடு வேறு. லெவரேஜ் என்பது உங்கள் பணத்தைப் போல எத்தனை மடங்கு மதிப்புக்கு டிரேட் செய்ய விடுகிறார்கள் என்ற அளவு. அமெரிக்காவில் முக்கிய ஜோடிகளுக்கு அது 50 மடங்கைத் தாண்டக் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 30, ஜப்பானில் 25. இந்தியாவில் குடியிருப்பவர்கள் அனுமதி பெற்ற அமைப்புகள், தளங்கள் வழியாக மட்டுமே செய்யலாம். அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிடுகிறது. நீங்கள் எங்கே இருந்தாலும் முதல் வேலை, உங்கள் நாட்டு மத்திய வங்கியும் சந்தை ஆணையமும் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது. விளம்பரத்தில் வருகிறது, நண்பர் செய்கிறார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

புரோக்கர் தன் தளத்தில் காட்டும் உரிம எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அந்த ஆணையத்தின் இணையதளத்துக்கு நீங்களே போய், அங்கே தேடிப் பாருங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் திருடிப் போட்டுக்கொள்ளும் போலிகள் உண்டு. அதனால் பதிவேட்டில் இருக்கும் இணைய முகவரியும் நீங்கள் பார்க்கும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

எவ்வளவு பணத்தோட ஆரம்பிக்கலாம்?

முழுதும் போனாலும் அடுத்த மாதம் வீட்டில் எதுவும் நிற்காது என்ற அளவு. கடன் வாங்கிய பணம், நகையை அடகு வைத்த பணம், படிப்புச் செலவுக்கு எடுத்துவைத்த பணம் எதுவும் இதற்குள் வரக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அவசரத் தேவைக்கு வேண்டிய பணத்தை வைத்து டிரேட் செய்கிறவர் நஷ்டத்தை நஷ்டமாக ஏற்றுக்கொள்ளவே முடியாது. அங்கேதான் எல்லாத் தப்பும் தொடங்கும்.

500 மடங்கு லெவரேஜ் தர்றாங்க. நல்லதுதானே, கொஞ்சக் காசுல நிறைய சம்பாதிக்கலாமே?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 500 டாலர் இருக்கிறது. 500 மடங்கை முழுதாகப் பயன்படுத்தினால் 2,50,000 டாலர் மதிப்புள்ள யூரோவைப் பிடித்திருக்கிறீர்கள். விலை 0.2 சதவீதம் எதிராகப் போனால் 500 டாலரும் காலி. 1.1000 என்ற விலையில் அது வெறும் 22 பிப். யூரோ/டாலர் ஒரு சாதாரண நாளில் அதைவிட அதிகமாக அசையும். உண்மையில் அதற்கும் முன்பே, மார்ஜின், அதாவது டிரேடுக்கான முன்பணம், போதவில்லை என்று புரோக்கரின் கணினி உங்கள் டிரேடைத் தானாக மூடிவிடும்.

30 மடங்கே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 15,000 டாலர் மதிப்பு. ஒரு சதவீதம் எதிராக நகர்ந்தால் 150 டாலர் போகும், கணக்கில் 30 சதவீதம். ஆகவே லெவரேஜ் எத்தனை மடங்கு தருகிறார்கள் என்பதை வைத்து புரோக்கரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மார்ஜின் என்பது அந்த டிரேடுக்காகப் பிடித்துவைக்கும் முன்பணம்தான். உங்கள் நஷ்டம் அந்த முன்பணத்தோடு நின்றுவிடாது.

சரி, அப்போ ஒரு டிரேடுக்கு எத்தனை லாட் போடணும்? 0.01-ஆ, 0.10-ஆ?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். மூன்று எண்கள் போதும். ஒன்று, இந்த ஒரு டிரேடில் நான் இழக்கத் தயாராக இருப்பது எவ்வளவு? புதியவர்களுக்குக் கணக்கில் 1 சதவீதம் என்பது நல்ல அளவு; 500 டாலர் கணக்கில் 5 டாலர். இரண்டு, என் கணிப்பு தப்பு என்று எந்த விலையில் ஒப்புக்கொள்வேன்? அந்த விலை வந்ததும் டிரேடைத் தானாக மூடச் சொல்லிப் போட்டுவைக்கும் ஆர்டர்தான் ஸ்டாப், ஸ்டாப் லாஸ் என்றும் சொல்வார்கள். சார்ட்டைப் பார்த்து அந்த இடம் 40 பிப் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். மூன்று, ஒரு பிப்புக்கு எவ்வளவு? மைக்ரோ லாட்டில் 10 சென்ட், ஆக 40 பிப்புக்கு 4 டாலர். 5 டாலருக்குள் அடங்குகிறது. எனவே 0.01 போடலாம், 0.02 போட முடியாது.

அதே இடம் 80 பிப் தள்ளி இருந்தால் 0.01-க்கே 8 டாலர் ஆகிறது. அப்போது என்ன செய்வது? அந்த டிரேடை விட்டுவிடுவது. லாட்டுக்கு ஏற்றபடி ஸ்டாப்பைக் கிட்டத்தில் இழுத்து வைப்பது தப்பு, அந்த இடத்துக்கு எந்தக் காரணமும் இருக்காது. நான் இன்றைக்கும் ஆர்டர் கட்டத்தைத் திறக்கும் முன் ஒரு காகிதத்தில் இந்த மூன்று எண்ணையும் எழுதுகிறேன். லாட் கடைசியாக வரும் விடை.

ஏன் 1 சதவீதம்? ஒரு காசை 100 முறை சுண்டிப் பாருங்கள். தொடர்ந்து 5 முறை பூ விழுவது அபூர்வமே இல்லை. டிரேடிலும் வரிசையாகத் தோற்கும் காலம் கட்டாயம் வரும். ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் போட்டிருந்தால், தொடர்ந்து 10 தோல்விக்குப் பிறகும் கணக்கில் சுமார் 90 சதவீதம் மிச்சம் இருக்கும். 10 சதவீதமாகப் போட்டிருந்தால் 35 சதவீதம்தான் மிஞ்சும்.

ஸ்டாப் லாஸ் போட்டா, கரெக்டா அதை அடிச்சிட்டு விலை திரும்பிப் போயிடுது. போடாமலே இருந்தா என்ன?

அந்த எரிச்சல் எனக்கும் தெரியும். எல்லாரும் பார்க்கும் இடத்தில், சமீபத்திய உச்சிக்கோ அடிமட்டத்துக்கோ ஒட்டினாற்போல ஸ்டாப் வைத்தால் அடிக்கடி அப்படி நடக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து, அதற்கேற்ப லாட்டைக் குறைப்பதுதான் வழி. மேலே சொன்ன கணக்கு அதற்குத்தான்.

போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு ராத்திரி நானே பார்த்தேன். பவுண்டு/டாலர் வாங்கியிருந்தேன், ஸ்டாப் 30 பிப் கீழே. விலை அதை நெருங்கியது. கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்று 60-க்கு நகர்த்தினேன். அங்கேயும் வந்தது. 100-க்கு நகர்த்தினேன். அப்புறம், எப்படியும் திரும்பும் என்று ஸ்டாப்பை எடுத்தே விட்டேன். தூங்கவில்லை. விடியும்போது 240 பிப் கீழே இருந்தது, நானே மூடினேன். முதலில் வைத்த இடத்தில் விட்டிருந்தால் அதில் எட்டில் ஒரு பங்குதான் போயிருக்கும். ஸ்டாப்பை லாபத்தின் பக்கம் நகர்த்தலாம். நஷ்டத்தின் பக்கம் ஒரு பிப் கூட நகர்த்தாதீர்கள்.

எந்த ஜோடி, எந்த நேரம் புதுசா வர்றவங்களுக்கு நல்லது?

ஒரே ஒரு ஜோடி. யூரோ/டாலர் போதும், ஸ்பிரெட் குறைவு, செய்தி நிறையக் கிடைக்கும். லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து திறந்திருக்கும் சில மணி நேரம்தான் அதில் கூட்டம் அதிகம். சந்தை வாரத்தில் 5 நாளும் 24 மணி நேரமும் திறந்திருப்பதால் நாமும் விழித்திருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் தூக்கத்துக்கும் வேலைக்கும் நடுவில் எந்த நேரம் அமைதியாகக் கிடைக்கிறதோ அதுவே உங்கள் நேரம். அப்படி நேரம் கிடைக்காதவர்கள் ஒரு நாள் முழுக்க விலை அசைந்ததை ஒரே மெழுகுவர்த்தி வடிவக் குறியாகக் காட்டும் தினசரிச் சார்ட்டை மட்டும் பார்க்கலாம்.

நான் ஒரு நாளைக்கு 20 டிரேட் எடுக்கிறேன், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம். அது சேஃப்தானே?

ஸ்பிரெட்டைக் கணக்குப் போடுங்கள். 1.5 பிப் ஸ்பிரெட் என்றால் மைக்ரோ லாட்டுக்கு 15 சென்ட். 20 டிரேடுக்கு 3 டாலர். மாதம் 20 நாள் செய்தால் 60 டாலர். 500 டாலர் கணக்கில் அது 12 சதவீதம். ஒன்றும் தப்பாகப் போகாவிட்டாலும் மாதம் 12 சதவீதம் சம்பாதித்தால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம்.

டெமோ கணக்குல ரெண்டு மாசத்துல ரெண்டு மடங்கு ஆக்கிட்டேன். ரியல்ல மட்டும் ஏன் போயிடுது?

டெமோ என்பது பொய்ப் பணத்தில் பழகும் கணக்கு. அதில் 10,000 டாலர் கொடுத்திருப்பார்கள், நீங்கள் உண்மையில் போட்டது 200 ஆக இருக்கும். அளவே வேறு. இரண்டாவது, டெமோவில் நஷ்டத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம், வயிற்றைப் பிசையாது. உண்மைப் பணத்தில் 3 டாலர் லாபம் வந்ததும் கை தானாக மூடப் போகும். 3 டாலர் நஷ்டத்தில் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று இருக்கும். லாபம் சின்னதாகவும் நஷ்டம் பெரிதாகவும் ஆவது இப்படித்தான்.

டெமோ வீண் என்று சொல்லவில்லை. ஆர்டர் போட, ஸ்டாப் வைக்க, லாட் கணக்குப் பிழையில்லாமல் வர அதுதான் இடம். டெமோவின் தொடக்கத் தொகையை நீங்கள் உண்மையில் போடப்போகும் தொகைக்கே மாற்றி வைத்துப் பழகுங்கள். அப்புறம் உண்மைக் கணக்கில் 0.01 மட்டும் போட்டு 50 டிரேடாவது போகட்டும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: ஏன் எடுத்தேன், எங்கே வெளியேறுவேன், கடைசியில் என்ன செய்தேன். முதல் இரண்டையும் டிரேட் எடுக்கும் முன்பே எழுத வேண்டும்.

எந்த இண்டிகேட்டர் போட்டா 90 சதவீதம் ஜெயிக்கும்?

90 சதவீதம் ஜெயித்தும் தோற்கலாம். 9 முறை 1 டாலர் வந்து, 10-வது முறை 15 டாலர் போனால் கையில் நஷ்டம்தான். மறுபக்கம், 10-இல் 4 முறைதான் ஜெயிக்கிறீர்கள், ஆனால் ஜெயித்தால் 10 டாலர், தோற்றால் 5 டாலர் என்று வைத்தால், 40 வந்து 30 போகிறது. செலவு போகக் கையில் ஏதோ நிற்கும்.

இண்டிகேட்டர்கள், அதாவது சார்ட்டில் போட்டுக்கொள்ளும் கணக்குக் கோடுகள், எல்லாம் ஏற்கெனவே நடந்த விலையிலிருந்து கணக்கிடப்படுபவை. ஒன்றோ இரண்டோ வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆறேழு கோடுகளைப் போட்டுக்கொண்டால் அதில் ஏதாவது ஒன்று எப்போதும் நீங்கள் விரும்பியதைச் சொல்லும்.

அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வர்ற நேரத்துல விலை பறக்குதே, அப்போ எடுத்தா நல்ல லாபம் வருமா?

அந்த அறிக்கை வழக்கமாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நியூயார்க் நேரம் காலை 8.30-க்கு வரும். ஒரு தடவை எதுவும் வாங்காமல் திரையை மட்டும் பாருங்கள். 8.29-க்கு ஒரு பிப்பாக இருந்த ஸ்பிரெட் சில நொடிகளில் பல மடங்கு விரிவதைப் பார்ப்பீர்கள். விலை மேலே ஓடி, அதே நிமிடத்தில் கீழே வந்து, மறுபடி மேலே போகும். நீங்கள் அழுத்திய விலை ஒன்றாகவும் கிடைத்த விலை வேறாகவும் இருக்கும். புதியவர்கள் அந்த அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே நல்லது. மத்திய வங்கிகளின் வட்டி அறிவிப்புக்கும் இதேதான். பொருளாதார நாட்காட்டியை வாரத் தொடக்கத்திலேயே பார்த்துவைத்தால் திடீரென்று மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

நான் எதுவும் செய்யல, ராத்திரியில கணக்குல காசு குறைஞ்சிருக்கு. எப்படி?

அது சுவாப். ஒரு ஜோடியை ஒரு நாள் தாண்டி வைத்திருந்தால், விற்ற பணத்துக்கு வட்டி கொடுத்து, வாங்கிய பணத்துக்கு வட்டி பெறுகிறீர்கள். வித்தியாசமும் புரோக்கரின் பங்கும் சேர்ந்து கணக்கில் கழியும், சில சமயம் கூடும். நியூயார்க் நேரம் மாலை 5 மணிதான் நாள் மாறும் நேரம். பெரும்பாலான ஜோடிகளில் புதன்கிழமை மூன்று நாள் சுவாப்பைச் சேர்த்து எடுப்பார்கள், சனி ஞாயிறுக்கும் அன்றே கணக்கு முடிப்பதால்.

வட்டி குறைந்த யென்னை விற்று, வட்டி அதிகமுள்ள பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு சுவாப்பில் சம்பாதிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் வருடக்கணக்கில் செய்வதுதான் அது. 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த சில நாட்களில் யென் வேகமாக ஏறியது, எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு ஒரே நாளில் 12.4 சதவீதம் விழுந்தது. மாதக்கணக்கில் சேர்ந்த வட்டி அப்படி ஒரு வாரத்தில் கரைந்துவிடும்.

சார்ட்ல விலை என் ஸ்டாப்பைத் தொடவே இல்ல, ஆனா டிரேட் கட் ஆயிடுச்சு. புரோக்கர் ஏமாத்துறானா?

ஏமாற்றாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் இதைப் பாருங்கள். பெரும்பாலான சார்ட்டுகள் நீங்கள் விற்கும் விலையை மட்டும் வரைகின்றன. ஒன்றை விற்று வைத்திருந்தால் அதை மூட நீங்கள் வாங்கியாக வேண்டும், அது ஸ்பிரெட் அளவுக்கு மேலே இருக்கும். மாலை 5 மணி நாள் மாற்றத்தில் சந்தையில் ஆள் குறைவு, ஸ்பிரெட் விரியும். சார்ட்டில் கோடு 8 பிப் கீழே இருக்கும்போதே வாங்கும் விலை உங்கள் ஸ்டாப்பைத் தொட்டுவிடும். செயலியின் அமைப்புகளில் வாங்கும் விலைக் கோட்டையும் காட்டும் வசதி இருக்கும். அதை இயக்கிவையுங்கள். அப்படியும் பொருந்தாத விலை என்றால், நேரத்தைக் குறித்து, திரையைப் படம் எடுத்து, புரோக்கரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

ஸ்டாப் போட்டிருந்தா அதுக்கு மேல நஷ்டம் வராதுன்னு சொன்னீங்களே?

அப்படி நான் சொல்லவில்லை. அந்த விலையைத் தொட்டதும், அப்போது கிடைக்கும் விலையில் மூடு என்பதுதான் ஸ்டாப் ஆர்டர். நடுவில் விலையே இல்லாமல் தாண்டிக் குதித்தால், குதித்து நின்ற இடத்தில்தான் மூடும். சுவிட்சர்லாந்து மத்திய வங்கி 2011 செப்டம்பரிலிருந்து 1 யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் பிடித்து வைத்திருந்தது. 1.20-க்குக் கொஞ்சம் மேலே வாங்கி, கொஞ்சம் கீழே ஸ்டாப் வைப்பது ஆபத்தே இல்லாத டிரேட் என்று நிறையப் பேர் நினைத்தார்கள். 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பு இல்லாமல் பிடியை விட்டார்கள். சில நிமிடங்களில் யூரோ 1 ஃபிராங்குக்கும் கீழே போனது. பலருக்கு ஸ்டாப் வைத்த இடத்திலிருந்து மிகத் தொலைவில்தான் மூடியது. கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய்ப் புரோக்கருக்குக் கடன்பட்டவர்கள் உண்டு, புரோக்கர்களே திவாலானதும் உண்டு.

ஐரோப்பாவில் இப்போது தனிநபர் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாத பாதுகாப்பு கட்டாயம். உங்கள் புரோக்கர் அதைத் தருகிறாரா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். வார இறுதிக்கு டிரேடைத் திறந்து வைப்பதும் இதே வகை ஆபத்துதான். வெள்ளி மூடிய விலையில் சந்தை மறுபடி திறக்கும் என்று உறுதி கிடையாது.

ஒரே டிரேட்ல போடாம மூணு ஜோடில பிரிச்சுப் போட்டிருக்கேன். ரிஸ்க் குறைஞ்சிடுச்சுல்ல?

யூரோ/டாலர் வாங்கியிருக்கிறீர்கள், பவுண்டு/டாலர் வாங்கியிருக்கிறீர்கள், டாலர்/ஃபிராங்க் விற்றிருக்கிறீர்கள். மூன்றிலும் டாலரை விற்றிருக்கிறீர்கள். டாலர் ஏறினால் மூன்றும் சேர்ந்தே விழும். அந்த 1 சதவீதத்தை மூன்றாகப் பிரித்துப் போட்டிருந்தால் சரி. ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் என்றால் 3 சதவீதம் வைத்திருக்கிறீர்கள் என்றே எண்ணுங்கள்.

ஒருத்தர் சிக்னல் தர்றாரு, மாசம் 20 சதவீதம் கேரண்டியாம். இன்னொருத்தர் நம்ம கணக்கை அவரே பார்த்துக்குவாராம். நம்பலாமா?

நம்பாதீர்கள். இந்தச் சந்தையில் யாராலும் உறுதியான லாபம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி ஆள் பிடிப்பதையே நேர்மையான ஆணையங்கள் எச்சரிக்கை அடையாளமாகச் சொல்கின்றன. சிக்னல், அதாவது எதை எப்போது வாங்கு, வில் என்ற குறிப்பு, தருகிறவர்களில் பலருக்கு நீங்கள் சேரும் புரோக்கரிடமிருந்து கமிஷன் வரும், நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும். தானாக டிரேட் செய்யும் ரோபோ விற்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பழைய விலைக்கு ஏற்றபடி விதிகளைத் திருத்திக்கொண்டே போனால் எந்த ரோபோவையும் கடந்த காலத்தில் ஜெயித்ததாகக் காட்டலாம்.

கணக்குல லாபம் நிறைய காட்டுது, எடுக்கப் போனா முதல்ல வரி கட்டச் சொல்றாங்க. கட்டினா வந்துடுமா?

கட்டாதீர்கள். இதைக் கேட்டவர் தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். பச்சை நிறத்தில் பெரிய தொகை. 'பணம் எடு' என்பதை அழுத்தினால் ஒரு சிவப்புப் பெட்டி: லாபத்தில் 15 சதவீதத்தை வரியாகப் புதிதாக அனுப்பினால்தான் கணக்கு திறக்கும் என்று. அந்தத் தளத்தை அவருக்கு அறிமுகம் செய்தது இணையத்தில் பழக்கமாகி, தினமும் நலம் விசாரித்து வந்த ஒருவர். திரையில் இருந்தது வெறும் எண். உண்மையான வரியை நீங்கள் அரசுக்குக் கட்டுவீர்கள், அல்லது தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். பணத்தைத் தர மேலும் பணம் கேட்டால் அது மோசடி. உடனே வங்கிக்கும் இணையக் குற்றப் பிரிவுக்கும் சொல்லுங்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று அடுத்து வருபவர்களும் பெரும்பாலும் அதே கூட்டம்தான்.

எந்தப் புரோக்கரிடமும் தொடக்கத்திலேயே சின்னத் தொகை போட்டு, ஓரிரு டிரேட் செய்து, அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வங்கிக்கு வந்த பிறகு மிச்சத்தைப் போடலாம்.

வேலையை விட்டுட்டு இதையே முழுநேரமா பண்ணலாமா?

நோட்டில் ஒரு வருடக் கணக்கு இருக்கட்டும், அப்புறம் பேசுவோம். மாதாமாதம் வரும் சம்பளம்தான் உங்களை அவசரப்படாமல் வைத்திருக்கிறது. அது நின்றுவிட்டால், எவ்வளவு பணத்தோடு தொடங்கலாம் என்ற கேள்விக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாமல் போய்விடும்.

பாதிப் பணம் போயிடுச்சு. விட்டதைப் பிடிக்கணும், லாட்டை இரட்டிப்பாக்கலாமா?

வேண்டாம், தம்பி. 20 சதவீதம் போனால் பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் வேண்டும். 50 சதவீதம் போனால் 100 சதவீதம் வேண்டும். அந்த 100-ஐச் சீக்கிரம் எடுக்க நினைத்து இரட்டிப்பாக்கினால், 1, 2, 4, 8, 16 என்று போய் ஆறாவது தடவை 32 மடங்கு போட வேண்டியிருக்கும். தொடர்ந்து 5 தோல்வி அபூர்வம் இல்லை என்று லாட் கணக்கில் பார்த்தோம்.

திறந்திருக்கும் டிரேடுகளை இன்றே மூடுங்கள். மிச்சப் பணத்தை வங்கிக்கு மாற்றுங்கள். ஃபோனிலிருந்து செயலியை எடுத்துவிடுங்கள், கணக்கு எங்கேயும் போகாது. வீட்டில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் எவ்வளவு போனது என்று சரியான தொகையைச் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருக்கும்போதுதான் யாருக்கும் தெரிவதற்குள் மீட்டுவிட வேண்டும் என்ற அவசரம் வரும். கடன் வாங்கியிருந்தால் முதலில் அதை அடைக்கும் வழியைப் பாருங்கள். தூக்கம் போய்விட்டது, வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஒரு மாதம் கழித்து நோட்டை எடுத்து, எந்தெந்த டிரேடில் 1 சதவீதத்துக்கு மேல் போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் குறித்துப் பாருங்கள். நோட்டே எழுதவில்லை என்றால் புரோக்கர் தளத்திலிருந்து கணக்கு அறிக்கையை இறக்கிக்கொள்ளலாம், அதில் ஒவ்வொரு டிரேடின் லாட்டும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.